வெங்காயம் ஏறுமா மச்சான்?

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சாமி வரும். காலை பத்து மணிக்கு மும்பையில் ரிசர்வ் வங்கி ஆளுநர் டிவியில் தோன்றி, வட்டி இவ்வளவு, விலைவாசி இவ்வளவு என்று வாசிக்க ஆரம்பிப்பார். காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இவர் எழுந்து ஆட ஆரம்பிப்பார். "வட்டிய ஏத்துனா வெங்காயம் விளையுமாய்யா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்பார். டிவி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. நான்தான் அடுப்படியிலிருந்து, "விளையாது, சாப்பிட வாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

பெயர் பூமிநாதன். சிவகங்கையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வெல்லாம் கல்லூரிக்குத்தான், வாய்க்குக் கிடையாது. வட்டி அறிவிக்கிற நாளில் சென்னையிலிருந்து இணையச் சேனல் ஒன்றின் ஆட்கள் கணினி வழியாக இவரைப் பேச அழைப்பார்கள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டுக் கைலி. திரையில் பெயருக்குக் கீழே 'சுயாதீனப் பொருளாதார அறிஞர்' என்று ஓடும். சுயாதீனம் என்றால் பேசுவதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை என்று அர்த்தம். நான் யோகலட்சுமி. அந்தச் சுயாதீனத்துக்குச் சோறு போடுகிறவள்.

ஆனாலும் அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மழை கொட்டித் தக்காளி அழுகினால் விலை ஏறுகிறது. அதற்கு மருந்து என்று மும்பையில் வட்டியை ஏற்றினால், வீட்டுக்கடன் வாங்கினவனுக்கு மாதத் தவணை ஏறும். அழுகின செடி எழுந்து நிற்காது. நோயாளி ஒருத்தன், ஊசி இன்னொருத்தனுக்கு. இதைத்தான் அவர் எத்தனையோ வருஷமாகச் சொல்கிறார். விலைவாசி ஏற்றத்தை நாலு சதவீதத்தில் வைக்கிறோம், ஆறைத் தாண்ட விடமாட்டோம் என்று வங்கி வாக்குக் கொடுத்திருக்கிறது. தொடர்ந்து ஒன்பது மாதம் அந்த வரம்பு மீறிப் போனால் ஏன் என்று அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை அப்படி மீறிப் போனது. எழுதினார்கள். ஆனால் நமக்குக் காட்டவில்லை.

"விலை ஏறி வயிறு எரிஞ்சது நமக்கு. விளக்கம் மட்டும் டெல்லிக்கா?" என்று இவர் ஆரம்பித்தால், நான் போய் ரத்தக்கொதிப்பு மாத்திரையை எடுத்து வைத்துவிடுவேன். "ஒரே ஒரு தடவ, 'நாங்க சொன்னது தப்பாப் போச்சு'ன்னு வாயத் தொறந்து சொல்லட்டும். ஒரு பக்க மீசைய எடுத்துர்றேன்."

அதைவிட அவருக்கு எரிச்சல் மூட்டுகிற சொல் ஒன்று உண்டு. எதிர்பார்ப்பு. வங்கியிலிருந்து பெரிய ஊர்களுக்கு ஆள் விட்டு, வரும் மாதங்களில் விலை ஏறும் என்று நினைக்கிறீர்களா என்று வீடு வீடாகக் கேட்பார்களாம். சனங்கள் ஏறும் என்று நினைத்து முன்கூட்டியே வாங்க ஆரம்பித்தால், அந்த நினைப்பே விலையை ஏற்றிவிடும். அதனால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை அளந்து பேச வேண்டும் என்பது வங்கிக்காரர்களின் கட்சி.

"பூச்சாண்டி" என்பார் இவர். "சந்தையில வெங்காயம் விக்கிறவ எவன் பேச்சக் கேட்டு வெலை சொல்றா? மழையப் பாத்துச் சொல்றா, வரத்தப் பாத்துச் சொல்றா. நெனப்பு பொழப்பக் கெடுக்கும். வெலைய ஏத்தாது." இதை அவர் சேனலில் சொன்னபோது ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை.

என் தம்பி பாண்டிமுருகன் பார்த்திருப்பான். இவர் பேசுகிற எதையும் அவன் விடமாட்டான், புரிகிறதோ இல்லையோ. நான் பிறந்த நெற்குப்பையில் இருக்கிறான், சமையல் காண்ட்ராக்டர். கண்டனூரிலும் நெற்குப்பையிலும் வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை, தை பிறந்தால் கல்யாணத்துக்காகத் திறப்பார்கள். அப்போதுதான் அவனுக்கு அறுவடை. இலைக்கு இவ்வளவு என்று ஐப்பசியிலேயே பேசி முடித்துவிட வேண்டும். நடுவில் அரிசி ஏறினாலும் பருப்பு ஏறினாலும் காண்ட்ராக்டர் தலையில்தான் விடியும். அதிலும் எங்கள் பக்கத்துச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் இல்லாமல் ஓடாது. குழம்பு, கூட்டு, மசாலா எல்லாவற்றிலும் அள்ளிப் போட வேண்டும்.

எங்கள் மகள் ஸ்வேதாவுக்கு மாசியில் கல்யாணம் என்று அப்போது முடிவாகியிருந்தது. எனக்குக் கூடப் பிறந்தவன் பாண்டி ஒருத்தன்தான். ஸ்வேதாவுக்குத் தாய்மாமன் என்று சீர் கொண்டுவரவும், மாலை போட்டுக் கைப்பிடித்து மேடைக்குக் கூட்டிவரவும் வேறு ஆள் இல்லை. சமையலும் நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டான். "அக்கா மக கல்யாணத்துக்குக் காசு வாங்குனா என் கை வெளங்குமா?" என்றான். அவன் வரவில்லை என்றால் அந்தக் கல்யாணம் எனக்குக் கல்யாணமே இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு நான் போட்ட சத்தத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

ஐப்பசி பிறக்கிற சமயம் ஒரு வட்டி அறிவிப்பு வந்தது. வட்டியை அப்படியே வைத்துவிட்டு, காய்கறி விலை வரும் மாதங்களில் தணியும் என்று ஆளுநர் வாசித்தார். இவருக்குச் சாமி உக்கிரமாக வந்தது. சேனலில் முக்கால் மணி நேரம் ஆடிவிட்டு, சட்டையைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து 'நெற்குப்பைச் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் பாண்டியின் குரல் வந்தது.

"மச்சான், சின்ன வெங்காயம் இன்னைக்கு எழுவது. கண்டனூர்ல பெரிய கல்யாணம் ஒண்ணு பேசிருக்கேன், தையில. வெங்காயம் ஏறுமா மச்சான்? இப்பவே வாங்கிப் போட்ரவா?"

இவர் வழக்கம்போல வாத்தியார் பதில் சொன்னார். ஒருபக்கம் பார்த்தால் மழையால் வரத்துக் குறையலாம், மறுபக்கம் பார்த்தால் பெரம்பலூர் அறுவடை வரும், இன்னொரு பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. வெங்காயத்துக்குக்கூட அத்தனை பக்கம் கிடையாது. என் பெரியப்பா மகன் முத்தரசு விடுவானா? "மச்சான், பரீட்சத் தாளா கேட்டான்? ஏறுமா, எறங்குமா? மும்பைக்காரகளத் திட்டுறப்ப மட்டும் வாய் வைகையா ஓடுது, நம்ம பயலுக்கு ஒரு வார்த்த சொல்ல வாயில கொழுக்கட்டையா?" என்றான். அதற்குக் கீழே குடும்பமே சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டது.

ரோஷம் வந்துவிட்டது. போனை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"ஏறும். மும்பையில எறங்கும்ங்கிறாக. நான் சொல்றேன், ஏறும். தை பொறக்கையில நூத்தம்பது. வாங்கி வச்சவன் பொழச்சான்."

அவ்வளவுதான். நாற்பது வருஷப் படிப்பில் அவர் சொன்ன முதல் ஒற்றைப் பதில். குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். இவருக்கும் முகம் மலர்ந்துபோயிற்று. அன்றைக்கு மத்தியானம் இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பாண்டி அந்தக் குரல் பதிவைச் சமையல்காரர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டான். நம்ம மச்சான், டிவியில பேசுறவக, நம்மகிட்ட மட்டும் சொல்லிருக்காக என்று பெருமை. அங்கிருந்து அது மளிகைக்கடைக்காரர்களுக்குப் போனது, அவர்களிடமிருந்து எங்கே எங்கேயோ போனது. எங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

எனக்குத் தெரியவந்தது திங்கட்கிழமைச் சந்தையில். சின்ன வெங்காயம் நூற்றுப் பத்து. வழக்கமாக நான் வாங்குகிற சோணையம்மாளிடம், போன வாரம்தானே எண்பது சொன்னாய் என்று சண்டைக்குப் போனேன்.

"நான் என்னத்தா செய்ய? சமையக்காரக எல்லாம் மூடை மூடையா அள்ளிட்டுப் போறாக. யாரோ வாத்தியாராம்ல, தைக்கு நூத்தம்பதுன்னு செல்லுல சொல்லிட்டாராம். பெரிய படிப்புக்காரராம். நானே எங்க வீட்டுக்கு ரெண்டு மூடை எடுத்து வச்சுட்டேன்."

அந்த வாத்தியார் வீட்டுக்குத்தான் அரைக்கிலோ போடு என்று சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் நூற்றுப் பத்து விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏற்றிவிட்ட விலையை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

வந்து சொன்னதும் முதலில் அவர் துள்ளினார். "பாத்தியா, ஏறிருச்சுல்ல!"

"ஏறல. ஏத்தியிருக்கீக" என்றேன். "நம்ம விஸ்வாவுக்கு ஒரு போனப் போட்டு மதுரையில என்ன வெலைன்னு கேளுங்க."

விஸ்வா எங்கள் மகன், மதுரையில் வேலை. எழுபத்தைந்து என்றான். மதுரையில் எழுபத்தைந்து, காரைக்குடியில் நூற்றுப் பத்து. நடுவில் மழையும் இல்லை, வரத்தும் குறையவில்லை, இவர் குரல் மட்டும்தான் இருந்தது.

"என்னமோ பூச்சாண்டிம்பீகளே, எதிர்பார்ப்பு. அது நம்ம வீட்டுக் கூடத்துலருந்து கெளம்பிப் போயிருக்கு" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டிவி ரிமோட்டைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"இப்பவாச்சும் பாண்டியக் கூப்பிட்டு, போதும், இனிமே வாங்காதன்னு சொல்லிருங்க."

"எப்படிச் சொல்ல?" என்றார். "நான் ஏறாதுன்னு ஒரு வார்த்த சொன்னா அதுவும் ஊரெல்லாம் போகும். எல்லாரும் ஒரே நாள்ல விக்க வருவாக. நூத்திப்பத்து நாப்பதாகும். வாங்கி வச்சவன் எல்லாம் நடுத்தெருவுல நிப்பான், பாண்டியும் நிப்பான். சொல்லாட்டி இன்னும் வாங்குவான். பேசுனாலும் தப்பு, பேசாட்டியும் தப்பு." கொஞ்சம் பொறுத்து, அவருக்கே கேட்காத குரலில், "அளந்துதான் பேசணும்" என்றார்.

இதைத்தானே மும்பைக்காரர்கள் சொன்னார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடிபட்ட பாம்பை அடிப்பானேன்.

பாண்டிக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமலே இருந்தார். அதுதான் வினையாகிவிட்டது. மார்கழிக்கு முன்னால் வந்த வட்டி அறிவிப்பு நாளில் சேனலில் உட்கார்ந்தார். வட்டியால் வெங்காயம் விளையாது என்பதை வழக்கம்போல நன்றாகவே சொன்னார். அதில் நான் குறை காணவில்லை. மக்களின் எதிர்பார்ப்பு பற்றி என்ன நினைக்கிறீர்கள் சார் என்று பேட்டி எடுத்த பெண் கேட்டபோது மட்டும் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

பாண்டி நிறுத்தாமல் வாங்கிக் குவித்த வெங்காயம் அவன் வீட்டில் கொள்ளவில்லை. தையில் அவன் சமைக்கப்போகிற அதே கண்டனூர்க் கல்யாண வீட்டில், காவல்காரர் ஆசைத்தம்பியைப் பிடித்து, உள்ளே இரண்டாம் கட்டுக் கூடம் முழுக்கப் பரப்பிவிட்டான். சென்னையில் இருக்கிற வீட்டு ஆச்சிக்குத் தெரியாது. காற்றுப்பட்டால்தான் வெங்காயம் கெடாமல் நிற்கும். ஆனால் தெருவில் போகிறவர்கள் பார்த்து ஆச்சிக்குப் போன் போட்டுவிடுவார்களே என்று ஆசைத்தம்பி எல்லாச் சன்னலையும் அடைத்துவிட்டார். கார்த்திகை மழை நின்று பெய்தது. பூட்டின வீட்டுக்குள் அத்தனை வெங்காயமும் ஈரத்தில் வெந்து, பாதி முளைவிட்டது, பாதி அழுகியது.

மார்கழியில் பெரம்பலூர் வெங்காயம் வந்து இறங்கியது. நல்ல விளைச்சல். விலை முப்பத்தைந்து. மும்பைக்காரர் தணியும் என்று சொன்னார், தணிந்தது. மீசையைத் தடவியபடி இவர் அந்தச் செய்தியைப் படித்தார். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கலாம் என்று ஆச்சி மார்கழிக் கடைசியில் கண்டனூருக்கு வந்தார். கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்திருக்கிறது. அவர் கத்தவில்லையாம். பாண்டியை வரச்சொல்லி, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "பாண்டி, எங்க அப்பச்சி படம் இருக்குற வீடப்பா இது. கேட்டிருந்தா எடம் குடுத்திருப்பேனே, இப்படிப் பூட்டி வச்சு அழுக விடுவியா?" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சமையல் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஆசைத்தம்பிக்கு வேலை போகவில்லை, பாண்டி காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால். சமையல்காரர்கள் சங்கத்தில் இவன் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் எல்லாம் இவனைத்தான் பிடித்தார்கள். 'உங்க மச்சான் எங்கேப்பா?' என்று நேரில் கேட்டார்கள். ஊரில் யாரும் என் வீட்டுக்காரரைத் தேடி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

இதெல்லாம் அவன் மனைவி ஈஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாண்டி என்னிடம் பேசவில்லை. நான் போன் போடும்போதெல்லாம், "அவுக குளிக்கிறாக அண்ணி" என்பாள். காலையில் போட்டாலும் குளிக்கிறான், மாலையில் போட்டாலும் குளிக்கிறான். ஒரு மனுஷன் அவ்வளவு குளித்தால் தோல் உரிந்துவிடும்.

பொங்கலுக்கு என்ன ஆனாலும் வருவான் என்று நினைத்தேன். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து பொங்கல் சீர் தவறியதில்லை. முதலில் அப்பா கொண்டுவந்தார், பிறகு பாண்டி. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக்கட்டு, எனக்கொரு சேலை. இந்த வருஷமும் தவறவில்லை. ஒரு லோடு ஆட்டோவில் வந்தது. ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு, தயங்கி நின்று, கடைசியில் ஒரு மூடையையும் இழுத்து வைத்தார். "இதையும் குடுத்துரச் சொன்னாக, மச்சானுக்குன்னு."

அவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, வாடை சொல்லிவிட்டது. முளைத்த சின்ன வெங்காயம். பச்சைத் தண்டு சாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. பிறந்த வீட்டுச் சீர் வந்து நான் மூக்கைப் பொத்தியது அன்றைக்குத்தான்.

இவர் வந்து பார்த்தார். மூடையைத் தூக்கிக் கொல்லையில் வைக்கப்போனார்.

"அங்குட்டுக் கொண்டு போகாதீக. இங்குட்டே இருக்கட்டும். பாத்துக்கிட்டே இருங்க" என்றேன்.

அன்றைக்குப் பொங்கல் பொங்கியது. யாருக்கும் இறங்கவில்லை.

"பத்திரிகையில தாய்மாமன்னு அவன் பேர் போட்டு அடிச்சாச்சு. அவன் வராம என் மகளை மேடையில ஏத்த மாட்டேன்" என்றேன்.

"நான் சொன்னது ஒரு மதிப்பீடு, யோகு" என்றார். "அன்னைக்கிருந்த நெலவரத்துக்கு அது சரிதான். பிறகு வரத்துக் கூடிருச்சு. எதிர்பாராத விளைச்சல். அதுவுமில்லாம அவன் சன்னல அடைச்சு வச்சதுக்கு நானா பொறுப்பு?"

எனக்குப் பொறுமை போயிற்று. "அந்தக் கடிதத்தக் காட்டல, காட்டலன்னு எத்தன வருஷமாக் கத்துனீக? டிவி ஒடைஞ்சிருமோன்னு நான் பயந்திருக்கேன். இப்ப உங்க கடிதம் எங்க? 'தப்பாப் போச்சு'ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டீகளே மும்பைக்காரககிட்ட, அத நெற்குப்பைக்குச் சொல்ல மட்டும் வாய் வரலையா?"

அதற்கு மேல் கத்த எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால், கோபத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது. வாழ்க்கை பூராவும் ஏறுகிற விலையோடு மல்லுக்கட்டி, ஏன் ஏறுகிறது என்கிற விளக்கத்தையும் கூடவே கேட்டு, கடைசியில் என் தம்பியையும் அந்த விளக்கத்துக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூடை ஒரு வாரம் வாசலிலேயே இருந்தது. இவர் போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

தை முடியப்போகிற சமயம் அடுத்த வட்டி அறிவிப்பு வந்தது. காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தவர், என்னைக் கூப்பிட்டார். "கொஞ்சம் கேளு" என்று போனை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"அன்புள்ள சொந்தங்களுக்கு. கடந்த ஐப்பசியில் நிலவிய வரத்துச் சூழலில், பல்வேறு வெளிப்புறக் காரணிகளால்..."

"இது மும்பை" என்றேன். "அழிங்க."

அழித்தார். மறுபடி பிடித்தார். "பாண்டி, நான் சொன்னதுல கொஞ்சம் பிசகிருச்சு. ஆனா நீயும் நாலு பேரக் கேட்டுட்டு..."

"அழிங்க."

அழித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாரோ வயதானவர் முகம்போல இருந்தது. மூன்றாவது முறை என்னைப் பார்க்கவில்லை.

"பாண்டி, வெங்காயம் ஏறும்னு சொன்னேன். நான் சொன்னது தப்பாப் போச்சு. ஏறுனதும் என்னாலதான். தெரிஞ்ச பெறகும் வாயத் தொறக்காம இருந்தேன், அது அதவிடத் தப்பு. என்னய மன்னிச்சுக்க."

அனுப்பினார், அதே குழுவுக்கு. முத்தரசு இருக்கிற, சிரிக்கிற பொம்மை போடுகிற அத்தனை பேரும் இருக்கிற குழுவுக்கு. ஒவ்வொருத்தராகக் கேட்டிருப்பார்கள். யாரும் ஒன்றும் போடவில்லை. முத்தரசுகூட வாயை மூடிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்றேன், வேலை எதுவும் ஓடவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இருந்த பாசத்தை அவரிடம் சொல்லியிருந்தால், பொங்கலிலிருந்து போட்ட சண்டையெல்லாம் வீணாகியிருக்கும். சொல்லவில்லை.

பத்து மணி ஆயிற்று. டிவியில் ஆளுநர் வந்து உட்கார்ந்தார். கணினியில் சென்னைச் சேனலின் அழைப்பு அடித்தது. அதே நேரம் இவர் கையில் இருந்த போனும் அடித்தது. பாண்டி.

எதை எடுப்பது என்று அவர் யோசிக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டார், எனக்கும் கேட்கட்டும் என்று.

"மச்சான்" என்றான் பாண்டி.

"சொல்லு மாப்ள."

"ஸ்வேதா கல்யாணத்துக்கு உளுந்து எடுக்கணும். இட்லிக்கும் வடைக்கும். கடையில கேட்டேன், இப்பவே எடுத்தாத் தேவலைங்கிறாக." நிறுத்தினான். "உளுந்து ஏறுமா மச்சான்?"

இத்தனைக்குப் பிறகும் இவரைக் கேட்கிறான். கேலிக்குக் கேட்கவில்லை. என் தம்பியின் குரல் எனக்குத் தெரியாதா, நம்பித்தான் கேட்டான். போனைப் பிடுங்கி அணைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஒருபக்கம், மறுபக்கம் எல்லாம் அவர் தொண்டைக்குள் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. கணினி அடித்து அடித்து ஓய்ந்தது.

"தெரியாது மாப்ள" என்றார். "எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் ஈஸ்வரி ஏதோ கேட்பதும், இவன் இரு என்று சொல்வதும் காதில் விழுந்தது.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல மச்சான்" என்றான் பாண்டி. குரல் உடைந்துவிட்டது. செருமிச் சரிசெய்துகொண்டான். "சரி, விடுங்க. உளுந்த நான் பாத்துக்கிறேன். ஞாயித்துக்கெழமை வாறேன், பந்தல்காரக வாறாகல்ல. அக்காளக் கறி எடுத்து வைக்கச் சொல்லுங்க."

வைத்துவிட்டான். இவர் போனைக் கையில் பிடித்தபடி, "கறி எடுத்து வைக்கச் சொல்றான்" என்று, நான் கேட்காததுபோல என்னிடமே சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

டிவியில் ஆளுநர் அடுத்த வருஷத்து விலைவாசியைக் காலாண்டு வாரியாகப் புள்ளி வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் போய் அதை அணைத்தேன். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.